ஹேலி விக்கன்ஹைசர் ஏன் முக்கியம்? ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம்

பெண்கள் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச்சு வந்தால், "ஆண்களோடு சேர்ந்து ஆடினாரே ஒரு கனடாக்காரர், அவர்தானே?" என்று ஒருவர் கேட்பார். "ஆமாம், என்.எச்.எல்.லில் கோல் அடித்த முதல் பெண்" என்பார் அடுத்தவர் (என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி லீக்). "அதெல்லாம் விளம்பரத்துக்காகச் சேர்த்துக்கொண்டது" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார். மூன்று பேரும் சொல்வது ஒரே ஆளைப் பற்றித்தான், ஹேலி விக்கன்ஹைசர். முதல் ஆள் சொன்னது பாதி சரி, மற்ற இரண்டும் தவறு.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், அந்த ஒரு கோலைப் பற்றிப் பேசிப் பேசியே மிச்சத்தை எல்லாம் விட்டுவிடுகிறோம். கனடாவுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் ஆடி, ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கி, பெண்கள் இந்த ஆட்டத்துக்குள் வரும் வழியையே அகலப்படுத்தியவர் அவர். இதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் விதிகள் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கேரம் பலகையும் பல்லக்கும்

கேரம் பலகையில் பவுடர் தூவியதும் காய் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடும்? கட்டையில் பட்டால் எப்படித் திரும்பி வரும்? ஐஸ் ஹாக்கி மைதானமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்துக்குப் பனித்தளம், சுற்றிலும் அடைப்புச் சுவர். அதற்கு ரிங்க் என்று பெயர். பந்துக்குப் பதிலாக பக் என்ற கெட்டி ரப்பர் வில்லை, எடை சுமார் 170 கிராம். சுவரில் பட்டால் வெளியே போகாமல் திரும்பி வரும், அதனால் ஆட்டம் நிற்பதே குறைவு. கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு அணிக்கு ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள், 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள்.

ஆறு பேரும் அறுபது நிமிடமும் ஆட முடியாது. முழு வேகத்தில் ஸ்கேட் செய்தால் முக்கால் நிமிடத்தில் கால் எரிய ஆரம்பித்துவிடும். சாமி ஊர்வலத்தில் பல்லக்கைக் கீழே வைக்காமலே ஆட்கள் தோள் மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வெளியே தாவ, இன்னொருவர் உள்ளே குதிப்பார். இப்படி ஒருவர் தளத்தில் இருக்கும் அந்த முக்கால் நிமிடத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர். ஒரு நல்ல வீரருக்கு ஒரு ஆட்டத்தில் இப்படி இருபது, இருபத்தைந்து ஷிஃப்ட் கிடைக்கும். அவ்வளவுதான் அவர் கையில் இருக்கும் நேரம்.

அப்புறம் அசிஸ்ட். வாலிபாலில் வலைக்கு மேலே எழும்பி ஓங்கி அடிப்பவருக்குத்தான் கைதட்டல். ஆனால் அந்தப் பந்தைச் சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர் இல்லாமல் அந்த அடி நடந்திருக்காது. ஐஸ் ஹாக்கி அந்த உதவியை எண்ணி வைக்கிறது. கோல் அடிப்பதற்கு முன் பக்கைத் தள்ளிக் கொடுத்த ஒருவருக்கோ இருவருக்கோ அசிஸ்ட் என்று கணக்கில் எழுதுவார்கள். கோலோ அசிஸ்டோ, ஆளுக்கு ஒரு புள்ளி.

கடைசியாக ஒன்று, பவர் பிளே. கிரிக்கெட்டில் வருவது வேறு, இது வேறு. யாராவது விதியை மீறினால் பொதுவாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவர் இடத்துக்கு வேறு ஆள் வர முடியாது. எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதலாக இருக்கும் அந்த நேரம்தான் பவர் பிளே.

சுருக்கமாகச் சொன்னால், வழுக்கும் தளம், திரும்பி வரும் பக், முக்கால் நிமிட ஷிஃப்ட், கோலுக்கும் அசிஸ்டுக்கும் சம மதிப்பு, தப்பு செய்தால் ஆள் குறைவு. இவ்வளவு போதும்.

இளஞ்சிவப்புச் சட்டைக் காலம்

விக்கன்ஹைசர் பிறந்தது 1978 ஆகஸ்டில், கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் ஷானவன் என்ற சிறிய ஊரில். அந்தப் பகுதியில் குளிர்காலத்தில் கொல்லைப்புறத்தில் தண்ணீரை ஊற்றி விட்டால் போதும், அதுவே ரிங்க் ஆகிவிடும். அப்பா அமைத்துக் கொடுத்த அப்படிப்பட்ட ஒரு ரிங்க்கில்தான் அவர் பழகினார். ஊரில் பெண்களுக்குத் தனி அணி கிடையாது. அதனால் பையன்களோடு ஆடினார். ஹெல்மெட்டுக்குள் முடியைச் சுருட்டி மறைத்துக்கொண்டு ஆடிய நாட்களைப் பற்றிப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார்.

அவர் பையன்களோடு ஆடத் தொடங்கியது எதையும் நிரூபிப்பதற்காக அல்ல என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். ஆட வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். பின்னால் ஃபின்லாந்து கதை வரும்போது இது உதவும்.

பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் 1990இல் ஒட்டாவாவில் நடந்தது. கனடாவின் நிறம் சிவப்பும் வெள்ளையும்தான். ஆனால் அந்தத் தொடரில் கனடா வீராங்கனைகளுக்கு இளஞ்சிவப்புச் சட்டை கொடுத்தார்கள், பார்வையாளர்களை ஈர்ப்பதற்காக. அமெரிக்காவை வென்று அவர்கள் பட்டமும் வாங்கினார்கள். அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இவ்வளவு திறமையாக ஆடியவர்களுக்கு ஆட்டத்தை மட்டும் காட்டினால் கூட்டம் வராது என்று அன்று எவ்வளவு உறுதியாக நம்பியிருக்கிறார்கள் என்பதுதான். அப்போது விக்கன்ஹைசருக்கு வயது 11.

அடுத்த ஆண்டே, 12 வயதில், கனடா குளிர்கால விளையாட்டுப் போட்டியில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்காக இறங்கினார். இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் அவருடையது. 15 வயதில் கனடா தேசிய அணி. 1994இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் முதல் உலக சாம்பியன்ஷிப், முதல் தங்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் வயது.

எண்களை எப்படிப் படிப்பது

கனடாவுக்காக 276 ஆட்டங்கள், 168 கோல், 211 அசிஸ்ட், மொத்தம் 379 புள்ளி. உலக சாம்பியன்ஷிப்பில் ஏழு தங்கம், ஆறு வெள்ளி. ஒலிம்பிக்கில் 1998இல் வெள்ளி, அதன் பிறகு 2002, 2006, 2010, 2014 என்று வரிசையாக நான்கு தங்கம். ஐந்து ஒலிம்பிக்கிலும் சேர்த்து 26 ஆட்டங்களில் 18 கோல், 33 அசிஸ்ட்.

பெரும்பாலானோர் கோல் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அசிஸ்ட் கோலைவிட அதிகம் என்பதைப் பாருங்கள். 2006 டூரின் ஒலிம்பிக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஐந்தே ஆட்டங்களில் 5 கோல், 12 அசிஸ்ட். ஒரு ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல் புள்ளி, அதில் பெரும்பங்கு அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்தது. தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 2002இலும் 2006இலும் அவருக்குத்தான். உடல் வலிமையால் முட்டி மோதி கோல் அடித்தவர் என்ற பிம்பம் அவருக்கு உண்டு. வலிமை இருந்தது உண்மைதான். அதற்கும் மேலே, அடுத்த இரண்டு வினாடியில் யார் எங்கே வந்து நிற்பார் என்று பார்க்கும் கண் இருந்தது.

2002 சால்ட் லேக் சிட்டி இறுதி ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதங்களில் அமெரிக்காவிடம் கனடா தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்தது. இறுதி ஆட்டம் அமெரிக்க மண்ணில், நடுவரும் அமெரிக்கர். ஒரு கட்டத்தில் கனடாவுக்கு எதிராக வரிசையாக எட்டு தண்டனைகள். பவர் பிளே என்றால் என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும், எட்டு முறை அடுத்தடுத்து ஒரு ஆள் குறைவாக நின்று காக்க வேண்டியிருந்தது. கனடா 3-2 என்று வென்றது. இரண்டாவது கோல் விக்கன்ஹைசர் அடித்தது.

மோதலும் உரசலும்

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி மிகவும் குழப்பமாகப் பேசப்படும் விஷயம் பாடி செக்கிங். பக் வைத்திருப்பவரை அதிலிருந்து பிரிப்பதற்காகத் தோளாலோ இடுப்பாலோ வேண்டுமென்றே மோதி நிலைகுலைய வைப்பதுதான் அது. ஆண்கள் ஆட்டத்தில் இது விதிப்படி சரி. பெண்கள் ஆட்டத்தில், 1990இன் அந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் அனுமதி இருந்தது, அதன் பிறகு எடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும், பெண்கள் ஆட்டத்தில் யாரும் யாரையும் தொடமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டமான பேருந்தில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே படியைப் பிடிக்கப் போகும்போது தோளோடு தோள் இடிக்கும், அது தவிர்க்க முடியாதது. ஒருவர் ஏறுவதைத் தடுக்கவே ஓடி வந்து இடித்துத் தள்ளுவது வேறு. பெண்கள் ஆட்டத்தில் முதல் வகை எப்போதும் உண்டு, இரண்டாவது வகைக்குத்தான் தண்டனை. பக்குக்காக இருவரும் சுவரோரம் முண்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

விதி மாறினால் எந்தத் திறமைக்கு மதிப்பு கூடும் என்பதும் மாறும். பெரிய மோதல் இல்லாத இடத்தில் பக்கைக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கையில் வைத்திருக்கலாம், இடம் பார்த்துக் கொடுக்கலாம். அதனால் பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் ஆட்டத்தின் குறைந்த பிரதி என்று அளப்பது, கபடியையும் மல்யுத்தத்தையும் ஒரே தராசில் வைப்பது போலத்தான். கேட்கத் தோன்றும் ஒப்பீடுதான், ஆனால் எதையும் அளக்காது.

ஃபின்லாந்தில் உண்மையில் நடந்தது

சரி, இப்போது அந்தக் கோலுக்கு வரலாம்.

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறை லீக், உலகின் உச்ச மட்டம். அதில் விக்கன்ஹைசர் ஆடியதே இல்லை. பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணி 1998இலும் 1999இலும் இளம் வீரர்களுக்கான பயிற்சி முகாமுக்கு அவரை அழைத்தது, அவரும் போனார். பயிற்சி முகாம் வேறு, லீக் ஆட்டம் வேறு. என்.எச்.எல். அணியின் சட்டையோடு ஓர் ஆட்டத்தில் இறங்கிய பெண் கோல்கீப்பர் மனோன் ரேயோம். 1992 செப்டம்பரில் டாம்பா பே லைட்னிங் அணிக்காக ஒரு பகுதி, அதாவது 20 நிமிடம், நின்றார். அதுவும் புள்ளிக் கணக்கில் சேராத, சீசனுக்கு முந்தைய ஆட்டம். இந்த இரண்டு பேரின் கதையையும் கலந்துதான் "என்.எச்.எல்.லில் கோல் அடித்த பெண்" என்று ஒருவரை உருவாக்கிவிட்டார்கள்.

விக்கன்ஹைசர் அந்த வேகமும் மோதலும் உள்ள ஆட்டத்தில் தன்னைத் தீட்டிக்கொள்ள விரும்பினார். முதலில் இத்தாலியில் ஓர் அணியோடு பேச்சு நடந்தது. ஆண்கள் லீக்கில் பெண் ஆட முடியாது என்று அந்நாட்டுக் கூட்டமைப்பு சொல்லிவிட்டது. ஃபின்லாந்து சம்மதித்தது. 2003 ஜனவரியில் கிர்க்கோனும்மி என்ற ஊரின் சலமத் அணிக்காக ஆடத் தொடங்கினார். பிப்ரவரி 1 அன்று கோல் அடித்தார்.

இது எந்த மட்டம்? சென்னையில் கிரிக்கெட்டுக்கு முதல் டிவிஷன், இரண்டாவது டிவிஷன், மூன்றாவது டிவிஷன் என்று லீக் அடுக்கடுக்காக இருக்கிறதல்லவா, அதுபோல ஃபின்லாந்து ஆண்கள் ஹாக்கியிலும் அடுக்கு உண்டு. சலமத் அப்போது இருந்தது மூன்றாவது அடுக்கில். முழு நேரத் தொழில் என்று சொல்ல முடியாது, பாதித் தொழில்முறை. அதனால்தான் சிலர் "தொழில்முறை ஆண்கள் லீக்கில் கோல் அடித்த முதல் பெண்" என்றும் சிலர் "பாதித் தொழில்முறை லீக்" என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன.

மூன்றாவது அடுக்கு என்றதும் "அவ்வளவுதானா?" என்று தோன்றலாம். அங்கே நின்றவர்கள் வளர்ந்த ஆண்கள், சிறு வயதிலிருந்து பாடி செக்கிங்கோடு பழகியவர்கள். மனோன் ரேயோம் கோல்கீப்பர், கோல்கீப்பரை இடிக்க விதி அனுமதிக்காது. விக்கன்ஹைசர் முன்வரிசை ஆட்டக்காரர். பக் கையில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் யாராவது இடிக்க வருவார்கள். அந்த சீசனில் 23 ஆட்டங்களில் 2 கோல், 10 அசிஸ்ட். இங்கேயும் அதே கதைதான் பாருங்கள், கோலைவிட அசிஸ்ட் பல மடங்கு. அணி அந்த ஆண்டு இரண்டாவது அடுக்குக்கு ஏறியது. மேல் அடுக்கில் 10 ஆட்டங்கள் ஆடினார், கோல் வரவில்லை, விலகிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து ஸ்வீடனிலும் ஓர் ஆண்கள் அணியில் ஆடினார்.

இதை "பெண்களால் முடியும்" என்பதற்குச் சான்றாகச் சிலரும், "முடியாது" என்பதற்குச் சான்றாகச் சிலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு இரண்டு பக்கத்திலும் உடன்பாடில்லை. 2003இல் உலகின் சிறந்த பெண் ஆட்டக்காரருக்குக்கூட, ஆண்டு முழுக்கக் கடினமான போட்டி கொடுத்துச் சம்பளமும் தரும் பெண்கள் லீக் ஒன்று கிடையாது. ஷானவனில் பையன்களோடு ஆடிய சிறுமிக்கும் ஃபின்லாந்துக்குப் பறந்த 24 வயதுக்காரருக்கும் காரணம் ஒன்றுதான்.

இதுவரை பார்த்தது: என்.எச்.எல். இல்லை, ஃபின்லாந்தின் மூன்றாவது அடுக்கு. விளம்பரம் இல்லை, அணிக்கு உதவிய ஒரு சீசன். ஆண்களோடு ஆட வேண்டியிருந்ததற்கு முக்கியக் காரணம், தகுந்த வேறு இடம் இல்லாதது.

சோச்சியின் கடைசி நிமிடங்கள்

2014 பிப்ரவரி 20, ரஷ்யாவின் சோச்சி. விக்கன்ஹைசருக்கு 35 வயது. தொடக்க விழாவில் கனடாவின் கொடியை ஏந்தி வந்தவர் அவர்தான். ஆனால் அணித் தலைமை அவரிடம் இல்லை, கரோலின் உவெலெட்டிடம் போயிருந்தது.

இறுதி ஆட்டம் அமெரிக்காவோடு. நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கனடா 0-2 என்று பின்தங்கியிருந்தது. மூன்றரை நிமிடம் மிச்சமிருக்கையில் பிரியான் ஜென்னர் ஒரு கோல் திருப்பினார். கனடா தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாகத் தாக்க ஆறாவது ஆளை இறக்கியது. தோற்கும் அணிகள் கடைசியில் செய்யும் வழக்கமான துணிச்சல் இது, ஆனால் பின்னால் கோல் முழுவதும் காலி. அமெரிக்க வீராங்கனை ஒருவர் தன் பாதியிலிருந்து தள்ளிய பக், ரிங்க்கின் முழு நீளத்துக்கு வழுக்கிக்கொண்டே போய், காலியாகக் கிடந்த கோலின் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் தள்ளிப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது மரி-ஃபிலிப் பௌலின் சமன் செய்தார்.

கூடுதல் நேரத்தில் விக்கன்ஹைசர் பக்கோடு தனியாக கோலை நோக்கிப் பாய்ந்தார். பின்னால் துரத்தி வந்த அமெரிக்காவின் ஹிலாரி நைட்டோடு மோதல், விக்கன்ஹைசர் கீழே விழுந்தார், நடுவர் நைட்டுக்குத் தண்டனை கொடுத்தார். கனடாவுக்கு ஆள் கூடுதல். அந்த பவர் பிளேயில் பௌலின் மறுபடியும் அடித்தார், 3-2, தங்கம்.

இந்தக் கோலில் விக்கன்ஹைசரின் பெயர் கணக்கில் இல்லை. அவர் ஓடிய ஓட்டத்தில்தான் அந்த பவர் பிளே பிறந்தது. பௌலினுக்கு அப்போது 22 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வான்கூவர் இறுதி ஆட்டத்தில், விக்கன்ஹைசரின் தலைமையில், 18 வயதில் இரண்டு கோலும் அடித்தவர். நான் இந்த ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் கோலைவிட அந்த ஓட்டத்தையே தேடிப் பார்ப்பேன்.

‘செல்வாக்கு’ என்பது எப்படி வேலை செய்கிறது

பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி "பலருக்கு ஊக்கமளித்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஊக்கம் மட்டும் போதுமென்றால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும். தொலைக்காட்சியில் பார்த்த ஒரு சிறுமிக்கு ஆசை வருகிறது. அவளுக்கு ஸ்கேட் வேண்டும், அணி வேண்டும், எதிர்த்து ஆட இன்னொரு அணி வேண்டும், ரிங்க்கில் நேரம் வேண்டும், பதினெட்டு வயதுக்குப் பிறகும் ஆட ஓர் இடம் வேண்டும். ஏணியில் ஒரு படி உடைந்திருந்தாலும் அங்கேயே நின்றுவிடுவாள்.

கனடாவில் பதிவு செய்து ஆடும் பெண்களின் எண்ணிக்கை 1990களின் தொடக்கத்தில் 10,000க்கும் குறைவு. 2010 வாக்கில் 80,000ஐத் தாண்டிவிட்டது. இதற்கு ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன், 1998இல் நாகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்தது பெரிய திருப்பம். ஆனால் அந்த இருபது ஆண்டுகளிலும் தொடர்ந்து தெரிந்த முகம் அவருடையது.

கனடாவும் அமெரிக்காவும் வளர்ந்த வேகத்தில் மற்ற நாடுகள் வளரவில்லை என்பதுதான் அப்போது சிக்கல். 2008இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியா பல்கேரியாவை 82-0 என்று வென்றது. அதே ஸ்லோவாக்கியாவை 2010 வான்கூவரில் கனடா 18-0 என்று வென்றது. நிலைமை மாறாவிட்டால் இந்த ஆட்டத்தை வைத்திருக்க முடியாது என்ற எச்சரிக்கை, அப்போதைய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோக்கிடமிருந்தே வந்தது.

விக்கன்ஹைசருக்கு இந்த எச்சரிக்கை எவ்வளவு நெருக்கமானது என்பது பலருக்குத் தெரியாது. அவர் கோடைக்கால ஒலிம்பிக்கிலும் ஆடியவர், 2000இல் சிட்னியில், கனடாவின் சாஃப்ட்பால் அணியில். அந்த சாஃப்ட்பாலை 2008க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தான் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்று பட்டியலிலிருந்து போனதை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

அந்த எச்சரிக்கையில் நியாயம் குறைவு என்பது என் கருத்து. 1924இல் ஆண்கள் ஒலிம்பிக் ஹாக்கியில் கனடா ஸ்விட்சர்லாந்தை 33-0 என்றும் செக்கோஸ்லோவாக்கியாவை 30-0 என்றும் வென்றது. ஆண்கள் ஆட்டத்தை அதற்காக யாரும் நீக்கவில்லை, வளர நேரம் கொடுத்தார்கள். பெண்களுக்கும் நேரம் கொடுத்தபோது அதேதான் நடந்தது. 2019 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் ஃபின்லாந்து கனடாவையே வீழ்த்தியது.

அவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 2010இல் சிறுமிகளுக்கான ஒரு ஹாக்கித் திருவிழாவைத் தொடங்கினார், விக்ஃபெஸ்ட் என்று அழைப்பார்கள். போட்டிகளோடு பயிற்சி, உடல்நலம், உணவு பற்றிய வகுப்புகளும் உண்டு. மேலே சொன்ன உடைந்த படிகளில் சிலவற்றைச் சரிசெய்யும் வேலை அது.

பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கே ஆடுவது என்ற படிதான் கடைசி வரை உடைந்தே கிடந்தது. கனடாவின் பெண்கள் லீக் 2019இல் மூடப்பட்டது. பி.டபிள்யூ.எச்.எல். என்ற புதிய தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று நடந்தது. அந்த ஏப்ரலில் மான்ட்ரியலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். பாடி செக்கிங் விதியும் அங்கே முன்பைவிடத் தளர்வு. விக்கன்ஹைசர் 2017 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டதால் அவர் அதில் ஆடவில்லை. பௌலின் ஆடுகிறார், மான்ட்ரியல் அணிக்குத் தலைமை தாங்கி.

பனித்தளத்துக்கு வெளியே

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு கால்கரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2021இல் பட்டம் பெற்றார். படிப்போடு படிப்பாக 2018இல் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற என்.எச்.எல். அணியில் இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பில் சேர்ந்தார், 2022இல் அந்த அணியின் துணைப் பொது மேலாளர்களில் ஒருவரானார். 2019இல் ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது, தகுதி வந்த முதல் ஆண்டிலேயே.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது, டோக்கியோ ஒலிம்பிக் திட்டமிட்டபடி நடக்கும் என்றே ஒலிம்பிக் குழு சொல்லிக்கொண்டிருந்தது. விக்கன்ஹைசர் அந்தக் குழுவின் வீரர்கள் ஆணையத்தில் உறுப்பினர், மருத்துவ மாணவியும்கூட. உள்ளே இருந்துகொண்டே, இது பொறுப்பற்ற பேச்சு என்று மார்ச் 17 அன்று வெளிப்படையாக எழுதினார். ஒரு வாரத்தில், மார்ச் 24 அன்று, போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டன.

லடாக் வரை

இந்தியாவில் ஐஸ் ஹாக்கியா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் இரண்டு மாதம்போல ஆட முடியும், அதை நம்பியே அங்கே ஆட்டம் வளர்ந்தது. இந்தியப் பெண்கள் அணி 2016இல்தான் முதல் சர்வதேசத் தொடரில் இறங்கியது. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றதுதான் முதல் வெற்றி. அணியில் பெரும்பாலானோர் லடாக் பெண்கள்.

2018 ஜனவரியில் விக்கன்ஹைசர், முன்னாள் என்.எச்.எல். வீரர் ஆண்ட்ரூ ஃபெரன்ஸோடு லே நகருக்கு வந்து அங்குள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். திரும்பிப் போன பிறகும் அதை விடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் இந்திய அணி கால்கரிக்குப் போய் விக்ஃபெஸ்டில் ஆடியது. இயற்கைப் பனி கரைந்தால் ஆட்டமே முடிந்துவிடும் ஊரிலிருந்து போனவர்கள், கூரைக்குக் கீழே ஆண்டு முழுக்கப் பனி இருக்கும் ரிங்க்குகளில், வரிசையாக ஆட்டங்கள் ஆடினார்கள்.

2025 ஜூனில், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.